ஹோலிரூட்டில் உங்கள் கேள்வியைக் கேட்க வைப்பது எப்படி?

விசா இழுத்தடிக்கிறது என்று எம்.எஸ்.பி.க்கு, அதாவது ஸ்காட்லாந்துப் பேரவை உறுப்பினருக்கு, எழுதினால் வரும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: இது லண்டன் விஷயம், உங்கள் எம்.பி.யிடம் (லண்டன் பாராளுமன்ற உறுப்பினரிடம்) போங்கள். குப்பை அள்ளவில்லை என்று எழுதினால், கவுன்சிலைக் கேளுங்கள் என்பார்கள். இரண்டையும் தட்டிக்கழிப்பு என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில் எதற்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டம் வகுத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் நிற்கும் கேள்விக்கு மட்டுமே எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசு பேரவையில் பதில் சொல்லக் கடமைப்பட்டது. படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள் இந்த எல்லையைப் புரிந்துகொண்டால், எடின்பரோவின் ஹோலிரூட்டில் கூடும் ஸ்காட்லாந்துப் பேரவையில் தங்கள் கேள்வி ஏறுவதற்கான பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது.

வாக்குரிமை பற்றித் தயங்க வேண்டாம். 2020-இல் வந்த சட்டத்தின்படி, சட்டப்படி தங்கும் அனுமதி உள்ள எந்த நாட்டவரும் 16 வயதானால் ஸ்காட்லாந்துப் பேரவைத் தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இந்த உரிமை அதற்கு முன்பே இருந்தது. எம்.எஸ்.பி.யின் உதவியை நாட வாக்காளர் பட்டியலில் பெயர்கூட வேண்டாம். அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும்.

முதலில்: பொறுப்பு யாருடையது?

1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டம், பேரவைக்கு என்னென்ன அதிகாரம் உண்டு என்று பட்டியல் போடவில்லை. லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றை ஐந்தாம் அட்டவணையில் எழுதிவிட்டு, அதில் இல்லாத எல்லாவற்றையும் எடின்பரோவுக்கு விட்டுவிட்டது. ஆகவே ஒரு விஷயம் யாருடையது என்று சந்தேகம் வந்தால் ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், ஒலிபரப்பு, தேசியக் காப்பீடு ஆகியவை அதில் உண்டு. மருத்துவம், பள்ளி, பல்கலைக்கழக நிதி, காவல்துறை, வீட்டுவசதி, வேளாண்மை, உள்ளாட்சி ஆகியவை இல்லை. அவை எடின்பரோவின் பொறுப்பு.

சிக்கல் வருவது ஒரே வாழ்க்கைப் பிரச்சினைக்குள் இரண்டு அரசுகளும் கலந்திருக்கும்போதுதான். கேரளாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்த ஒரு செவிலியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சம்பளம் ஸ்காட்லாந்தில் தனியாகப் பேசித் தீர்மானிக்கப்படுகிறது, ஆக எடின்பரோ. அவருடைய விசா லண்டன். செவிலியர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறுவதும் லண்டன் வைத்துக்கொண்ட துறைதான். வருமான வரியும் இப்படியே. சம்பளத்துக்கான வரிப்படிகளையும் விழுக்காட்டையும் ஹோலிரூட் தீர்மானிக்கிறது (2024-25 முதல் 19 தொடங்கி 48 விழுக்காடு வரை ஆறு படிகள்). வரி விலக்கு வரம்பு லண்டனுடையது, வசூலிப்பதும் லண்டன் வரித்துறை. சமூகப் பாதுகாப்பும் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது: குறைந்த வருமானத்தாருக்கான யுனிவர்சல் கிரெடிட் லண்டன், பிள்ளைகளுக்கான ஸ்காட்டிஷ் சைல்ட் பேமென்ட் எடின்பரோ.

எடின்பரோவுக்குக் கீழேயும் அடுக்குகள் உண்டு. 32 கவுன்சில்கள், 14 வட்டாரச் சுகாதார வாரியங்கள், அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் என்று வரும். மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எடுக்கும் எச்.எம்.ஓ. வீட்டுக்கான சட்டம் ஹோலிரூட்டுடையது, உரிமம் தருவதும் சோதனை செய்வதும் கவுன்சில். உங்கள் வீட்டுக்கு ஏன் உரிமம் தந்தார்கள் என்ற கேள்வி கவுன்சிலருக்குப் போக வேண்டும். உரிம விதிகளைத் திருத்தும் எண்ணம் உண்டா என்ற கேள்விதான் எம்.எஸ்.பி.க்கு.

எட்டுப் பேரில் யாரிடம் போவது?

பேரவையில் 129 பேர். 73 பேர் தொகுதி உறுப்பினர்கள். மீதி 56 பேர் எட்டு வட்டாரங்களிலிருந்து ஏழு ஏழு பேராக வருகிறவர்கள். ஆக, உங்கள் முகவரிக்கு எட்டு எம்.எஸ்.பி.க்கள் இருக்கிறார்கள். பேரவையின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் எட்டுப் பெயரும் வந்துவிடும்.

எட்டுப் பேருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். ஒருவர் எடுத்துக்கொள்வார் என்று மற்றவர் விடுவார். அல்லது மூன்று அலுவலகங்கள் ஒரே அமைச்சருக்கு ஒரே கடிதத்தை எழுதும். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அமைச்சராக இருக்கும் உறுப்பினர் அரசிடம் கேள்வி கேட்க மாட்டார், ஏனென்றால் அவரே அரசு. உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சர் என்றால் வட்டார உறுப்பினரிடம் போங்கள். இன்னொன்று, அந்தத் துறைக்கான பேரவைக் குழுவில் இருப்பவரோ, எதிர்க்கட்சியில் அந்தத் துறைக்குப் பேசுபவரோ உங்கள் எட்டுப் பேரில் இருந்தால் அவரே சரியான ஆள். மருத்துவமனைக் கேள்வியை மருத்துவக் குழு உறுப்பினர் கேட்டால் துணைக் கேள்வியும் தானாக வரும், அவருக்குப் பின்னணி தெரியும் என்பதால்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவர்கள் பேரவையில் கேள்வி போடுவதைவிட அமைச்சரிடம் நேரில் பேசவோ கடிதம் எழுதவோ விரும்புவார்கள். தனிப்பட்ட பிரச்சினைக்கு அதுவே பல நேரம் விரைவான வழி.

கடிதமா, கேள்வியா?

பேரவையில் கேட்கப்படும் கேள்வி இணையத்தில் நிரந்தரமாகக் கிடக்கும். உங்கள் அம்மாவின் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனது, உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காதது போன்றவற்றை எம்.எஸ்.பி. சுகாதார வாரியத்துக்கோ கவுன்சிலுக்கோ கடிதமாகத்தான் எழுதுவார். அதற்கு உங்கள் ஒப்புதல் கையெழுத்தும் கேட்பார், கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் மருத்துவமனை வாய் திறக்காது. வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் அதைப் பற்றிய கேள்வியைப் பேரவை ஏற்காது.

ஒரே மாதிரிப் பிரச்சினை பலருக்கு இருக்கிறது, அதற்குக் காரணம் அரசின் கொள்கையோ நிதியோ என்று தோன்றினால்தான் அது கேள்வியாகும்.

கேள்வியை எழுதுவது

கேள்வியை எம்.எஸ்.பி.யின் பெயரில் அவருடைய அலுவலகம்தான் கேள்விகளைப் பெறும் பேரவை அலுவலகமான சேம்பர் டெஸ்க்கில் கொடுக்கும். ஆனால் நீங்களே வாசகத்தை எழுதிக் கொடுத்தால் வேலை எளிது. அலுவலக ஊழியர்களுக்கு உங்கள் இரண்டு பக்கக் கதையிலிருந்து கேள்வியைத் தோண்டி எடுக்க நேரமிருக்காது. ஆங்கிலத்தில் எழுதுங்கள். "ஸ்காட்லாந்து அரசிடம் கேட்பது" என்று தொடங்குவது மரபு.

விதிகள் கேட்பது இவ்வளவுதான்: கேள்வி ஸ்காட்லாந்து அமைச்சர்களின் பொறுப்புக்குள் இருக்க வேண்டும், சுருக்கமாக, தெளிவாக இருக்க வேண்டும், கேட்பவரின் கருத்தைச் சொல்லக் கூடாது, புண்படுத்தும் சொல் கூடாது. கருத்துச் சொல்லக் கூடாது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகத் திருத்திப் பார்ப்போம்.

"கிளாஸ்கோவில் மூட்டு அறுவைக்கு மக்களை ஆண்டுக்கணக்கில் காக்க வைக்க இந்த அரசுக்கு வெட்கமில்லையா?" இது பேரவைக்குள் நுழையாது. உள்ளே கேள்வி இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது.

"கிளாஸ்கோவில் மூட்டு அறுவைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?" இது நுழையும், ஆனால் பயனில்லை. காத்திருப்போர் எண்ணிக்கையைப் பப்ளிக் ஹெல்த் ஸ்காட்லாந்து என்ற பொதுச் சுகாதார அமைப்பு ஏற்கெனவே வெளியிடுகிறது. அமைச்சர் அந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பத்து நாள் காத்திருந்து, கூகுளில் இரண்டு நிமிடத்தில் கிடைப்பதைப் பெறுவீர்கள்.

"ஸ்காட்லாந்து அரசிடம் கேட்பது: எலும்பு மூட்டு அறுவைக்கான காத்திருப்பைக் குறைக்க, கிரேட்டர் கிளாஸ்கோ-கிளைட் சுகாதார வாரியத்துக்கு 2023-24 முதல் ஒவ்வொரு நிதியாண்டிலும் எவ்வளவு கூடுதல் நிதி ஒதுக்கியது; அதில் எவ்வளவு செலவாகியிருக்கிறது?" இதுதான் பிடி கொடுக்காமல் நழுவ முடியாத கேள்வி. நிதி ஒதுக்கியது அரசே செய்த செயல். "அது வாரியத்தின் நிர்வாக விஷயம்" என்று தள்ளிவிட முடியாது.

கேள்வி எழுதுவதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான்: அரசு தானே செய்ததை, தானே வைத்திருப்பதைக் கேளுங்கள். எவ்வளவு ஒதுக்கியது, யாருக்கு என்ன உத்தரவிட்டது, எந்தத் தேதியில் யாரைச் சந்தித்தது, எந்த அறிக்கையைப் பெற்றது, அடுத்த ஆய்வு எப்போது. மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அமைச்சர் மருத்துவமனையைக் காட்டுவார். மருத்துவமனையில் நடப்பதைக் கண்காணிக்க அமைச்சர் என்ன செய்தார் என்று கேட்டால் அவரால் வேறு யாரையும் காட்ட முடியாது.

சட்டத்திலோ அரசின் இலக்கிலோ எண் இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சட்டம் சிகிச்சைக்கு 12 வார உத்தரவாதம் தருகிறது. அவசரப் பிரிவில் 95 விழுக்காட்டினரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது இலக்கு. குழந்தைகள், இளையோர் மனநலச் சேவைக்கு 18 வாரத்துக்குள் 90 விழுக்காடு. "எப்போது சரியாகும்" என்பதைவிட "இந்த வாரியத்தில் 12 வார உத்தரவாதத்தை எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற எதிர்பார்க்கிறது" என்று கேட்பது கூர்மையானது.

காலத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். "கடந்த சில ஆண்டுகளில்" என்று எழுதினால் பதிலளிப்பவர் தனக்குச் சாதகமான ஆண்டுகளைத் தேர்ந்தெடுப்பார். நிதியாண்டா காலண்டர் ஆண்டா என்று சொல்லுங்கள். வாரியவாரியாக வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு கேள்வியில் நான்கு விஷயங்களைத் திணித்தால் எளிதான ஒன்றுக்குப் பதில் வரும், கடினமான மூன்றும் அப்படியே நிற்கும். நான்கு கேள்விகளாகப் பிரித்துவிடுங்கள்.

கருத்து கேட்கவே வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வாசல் உண்டு. "அரசு ஒப்புக்கொள்கிறதா" என்று கேட்காமல், "இன்ன அறிக்கையின் பரிந்துரை குறித்து அரசின் நிலைப்பாடு என்ன" என்று கேட்கலாம்.

கொடுப்பதற்கு முன் பேரவை இணையதளத்தின் கேள்வி-பதில் பக்கத்தில் அதே சொற்களைத் தேடிப் பாருங்கள். சோம்பல்பட்டு இதை விட்டுவிட்டால் கிடைக்கும் பதில், "இன்ன எண் கேள்விக்குத் தந்த பதிலைப் பார்க்கவும்". ஒவ்வொரு கேள்விக்கும் எண் உண்டு. 2021-இல் தொடங்கிய ஆறாவது பேரவைக் காலத்தின் எழுத்துமூலக் கேள்விகள் எஸ்6டபிள்யூ என்று தொடங்கும். நடுவில் உள்ள எண் பேரவைக் காலத்தைக் குறிக்கும், கடைசி எழுத்து எழுத்துமூலம் என்பதைச் சொல்லும். வாய்மொழிக் கேள்விக்கு ஓ, முதலமைச்சரிடம் கேட்பதற்கு எஃப்.

பதில் வரும்போது

எழுத்துமூலக் கேள்விக்குச் சாதாரணமாகப் பத்து வேலைநாட்களுக்குள் பதில் வர வேண்டும். நீண்ட விடுமுறைக் காலத்தில் கொடுத்தால் இருபது. சனி, ஞாயிறு, பேரவை அலுவலகம் மூடிய நாட்கள் கணக்கில் வராது. "கூடிய விரைவில் பதிலளிப்போம்" என்ற தற்காலிகப் பதில் வந்தால் அது பதில் ஆகாது. எம்.எஸ்.பி. அலுவலகத்துக்கு நினைவூட்டுங்கள்.

பதிலில் வரும் சில தொடர்கள் பழகினால்தான் புரியும். அவற்றுக்கு அடுத்து என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

"இத்தகவல் மையமாகச் சேகரிக்கப்படுவதில்லை." பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அரசிடம் உண்மையிலேயே இருக்காது. ஆனால் 14 வாரியங்களிடமோ 32 கவுன்சில்களிடமோ இருக்கும். தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் அவற்றிடம் நேரடியாகக் கேளுங்கள். அதோடு, "ஏன் சேகரிக்கவில்லை, சேகரிக்கும் திட்டம் உண்டா" என்று அரசிடம் அடுத்த கேள்வியைப் போடச் சொல்லுங்கள். இது அமைச்சர்களுக்குப் பிடிக்காத கேள்வி, ஆகவே நல்ல கேள்வி.

"இது அந்த நிறுவனத்தின் நிர்வாக விஷயம்." இங்கே பொறுப்புச் சங்கிலியை அறிந்திருப்பது உதவும். தீவுகளுக்கான படகுப் போக்குவரத்தைப் பாருங்கள். படகுகளை ஓட்டுவது கால்மாக். படகுகளும் பல துறைமுகங்களும் சி.மால் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். போர்ட் கிளாஸ்கோவில் உள்ள ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்தை 2019-இல் அரசே எடுத்துக்கொண்டது. மூன்றுக்கும் உரிமையாளர் ஸ்காட்லாந்து அமைச்சர்கள். கிளென் சானக்ஸ், கிளென் ரோசா என்ற இரு படகுகளுக்கு 2015-இல் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2018-இல் வந்திருக்க வேண்டிய கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். இத்தனை ஆண்டுகளில் குவிந்த கேள்வி-பதில்களை வரிசையாகப் படித்தால், எந்தக் கேள்வி தேதியையும் தொகையையும் வெளியே கொண்டுவருகிறது, எந்தக் கேள்வி "நிறுவனத்திடம் கேளுங்கள்" என்று முடிகிறது என்று தெளிவாகத் தெரியும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

"உரிய காலத்தில்", "விரைவில்" என்பவற்றைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "எந்த மாதத்துக்குள்" என்று மறுபடி கேட்கச் சொல்லுங்கள். "வணிக இரகசியம்" என்று வந்தால் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை, கையெழுத்தான தேதி, கால அளவு இவற்றைத் தனித்தனியாகக் கேட்கலாம். எல்லாமே இரகசியமாக இருக்க முடியாது.

சில கேள்விகள் அரசே கேட்கச் சொல்லிக் கேட்பவை. ஓர் அறிவிப்பை வெளியிடுவதற்காகத் தங்கள் கட்சி உறுப்பினர் ஒருவரைக் கேட்க வைத்து உடனே பதில் தருவார்கள். பேரவை வெளியீட்டில் அதற்கு அடையாளக் குறிப்பு இருக்கும். பாராளுமன்ற ஆய்வு என்று நினைத்து ஏமாற வேண்டாம், ஆனால் படியுங்கள். கொள்கை மாற்றம் முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

வாய்மொழிக் கேள்வியும் வியாழக்கிழமையும்

பேரவை கூடுவது செவ்வாய், புதன், வியாழன். ஆறாவது பேரவைக் கால வழக்கப்படி செவ்வாய் பிற்பகல் அன்றைய சூடான விஷயங்கள், புதன் பிற்பகல் துறைவாரிக் கேள்வி, வியாழன் 11.40-க்குப் பொதுக் கேள்வி, 12 மணிக்கு முதலமைச்சரிடம் 45 நிமிடம். துறைவாரிக் கேள்விக்கு உறுப்பினர்களின் பெயரைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். உங்கள் எம்.எஸ்.பி.யின் பெயர் வராவிட்டால் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் பெயர் வந்த இன்னொருவரின் கேள்வி அதே பொருளில் இருந்தால், அவையிலேயே எழுந்து துணைக் கேள்வி கேட்க அவர் முயலலாம். அதற்கு இரண்டு வரியில் ஒரு குறிப்பை முந்தைய நாளே அனுப்பிவையுங்கள்: ஓர் உண்மை, ஒரு கேள்வி. நீண்ட முன்னுரை கொடுத்தால் அமைச்சர் முன்னுரைக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அன்று காலை நடந்த பெரிய விபத்து போன்றவற்றுக்கு அவசரக் கேள்வி உண்டு. காலை 10 மணிக்குள் கொடுக்க வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் பேரவைத் தலைவரின் முடிவு.

வியாழக்கிழமை நிகழ்ச்சியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், செய்தியிலும் அதுதான் வரும். தகவல் வேண்டுமென்றால் அங்கே போகாதீர்கள். கட்சித் தலைவர்களுக்கு அது மேடை, கைதட்டல் கிடைக்கும், எண் கிடைப்பது அரிது. அமைச்சர் சொன்னது உண்மையில்லை என்று உறுப்பினர்கள் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவதையும் பார்ப்பீர்கள். பதிலின் உண்மை பொய்யைத் தீர்மானிப்பது தன் வேலையில்லை என்றுதான் பேரவைத் தலைவர் சொல்வார். தவறாகச் சொன்ன அமைச்சர் கூடிய விரைவில் திருத்த வேண்டும், தெரிந்தே பேரவையைத் திசைதிருப்பினால் பதவி விலக முன்வர வேண்டும் என்று அமைச்சர்களுக்கான நடத்தை விதி சொல்கிறது. அதனால் சந்தேகமான எண்ணை அவைக்குறிப்பிலிருந்து நகலெடுத்து, "இதற்கு ஆதாரம் என்ன" என்று மறுநாள் எழுத்துமூலக் கேள்வி போடுவதே பயன் தரும்.

நேரில் பார்க்க இலவச அனுமதிச்சீட்டு உண்டு, வியாழனுக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். குழுக் கூட்டங்களுக்குப் போவது இன்னும் நல்லது. அங்கே ஓர் அமைச்சரை ஒரே பொருளில் ஒரு மணி நேரம் குடைவார்கள்.

எம்.எஸ்.பி. மறுத்துவிட்டால்

கேள்வி போட அவருக்குக் கட்டாயமில்லை. வட்டார உறுப்பினர் இன்னொருவரைக் கேளுங்கள், ஆனால் முதலாமவரிடம் கேட்டதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரிலேயே கேட்க வேண்டுமென்றால் 2002-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மின்னஞ்சல் போதும், கட்டணமில்லாமல் கேட்கலாம், 20 வேலைநாட்களுக்குள் பதில் வர வேண்டும். தேடி எடுக்கும் செலவு 600 பவுண்டைத் தாண்டினால் மறுக்க உரிமையுண்டு, ஆகவே கேட்கும் காலத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் முதலில் அதே அலுவலகத்திடம் மறு ஆய்வு கேட்க வேண்டும். அதன் பிறகுதான் தகவல் ஆணையரிடம் முறையிட முடியும். கொள்கையே மாற வேண்டும் என்றால் பேரவைக்கு மனுப் போடலாம். ஒரே ஒரு கையெழுத்து இருந்தாலும் மனுக் குழு அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே விஷயத்தில் உங்கள் கவுன்சிலையோ எம்.எஸ்.பி.யையோ ஏற்கெனவே அணுகியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தப் பழைய மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.